நிற்கும் ஒருவர்

எக்ஸ்ரேக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். மற்றபடி மனிதருக்கு என்ன கேடு? இருபத்தெட்டு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரி, ஒரே கீழ்த்தள அறை. சர்க்கரை கிடையாது, கொழுப்பு கிடையாது. மகள் வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறாள். வீட்டில் சிரிக்கத் தெரிந்த மனைவி. குறை என்னவென்றால், அந்த மனைவி அவரை ஒரு தடவைகூட வரைந்ததில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊரே டீச்சர் என்று கூப்பிடப் போய், அவரும் வீட்டில் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். ஏழு வருஷத்துக்கு முன்னால், மகள் வேலைக்குப் போன கையோடு, சனிக்கிழமை ஓவிய வகுப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். பொழுது போகட்டும் என்று சேர்ந்தவளுக்கு அப்புறம் பொழுதே போதவில்லை. பக்கத்து வீட்டுப் பூனையை வரைந்தாள். பூனைக்குச் சொந்தக்காரியை வரைந்தாள். பள்ளிக்கூட வாட்ச்மேனை வரைந்தாள். மழையில் நனைந்துகொண்டு நிற்கும் ஸ்கூட்டரை வரைந்தாள். ஸ்கூட்டர் அவருடையதுதான். ஓட்டுகிறவரை மட்டும் எப்படியோ விட்டுவிட்டாள்.

முதல் இரண்டு வருஷம் பூனை பூனையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கணக்கு டீச்சர் புத்தி எட்டிப் பார்த்தது. பூனை ஒரு முக்கோணமும் ஒரு வாலும் ஆனது. வாட்ச்மேன் இரண்டு கட்டமும் ஒரு தொப்பியும் ஆனார். பார்க்கிறவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கடைசியில் "அட, அந்த ஆளு!" என்பார்கள். அந்த "அட" வருகிறவரை டீச்சர் வாயே திறக்க மாட்டாள்.

இதில் அவருக்கு உறுத்தியது பூனையோ வாட்ச்மேனோ அல்ல. டீச்சரின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், அதனால் கியர் என்று பெயர் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, சாப்பிட்டுவிட்டு, சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான். அந்தக் கியரை அவள் நாலு தடவை வரைந்திருக்கிறாள். தூங்குகிற கியர் இரண்டு, தூங்கி எழுந்த கியர் இரண்டு.

என்னை ஏன் வரையவில்லை என்று அவர் கேட்டதில்லை. கேட்டு வாங்க அது என்ன காப்பியா?

இந்த வருஷம் டீச்சர் ஆறடிக்கு நாலடி ஓவியத் துணி ஒன்றைப் பின்னறைக்குள் கொண்டுபோனாள். "முடிச்சிட்டுக் காட்டுறேன், அதுவரைக்கும் உள்ள வராதீங்க" என்று சொல்லிவிட்டாள். மூன்று மாசம் கதவு சாத்தியே இருந்தது. பூனைக்கும் கியருக்கும் இப்படி ஒரு ரகசியம் இருந்ததில்லை. எக்ஸ்ரேக்காரருக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை முளைத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று முடிவெட்டிக்கொண்டு வந்தார். தன்னை யாரும் படத்துக்கு உட்காரச் சொல்லவில்லையே என்பது அவருக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு திறந்தது. டீச்சர் படத்தை முன்னறைக்கு நகர்த்திவந்து, சுவரில் சாய்த்து, மேலே கிடந்த போர்வையை எடுத்தாள்.

ஓர் ஆள் நிற்கிறார், அந்த மட்டும் நிச்சயம். தலை இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு முட்டை வடிவம். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. அதற்குக் கீழே கலங்கிய பச்சையில் நாலு மூலையுள்ள பெரிய உடம்பு. மேல் மூலைகளில் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தது. நடுவில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு கோடு, கொஞ்சம் கோணலாக. கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெளிறிய திட்டு ஒவ்வொன்று. கைகள் முழங்கைவரைக்கும்தான். அதற்கு அப்புறம் காணோம். இடுப்பு உயரத்தில், ஆளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், நீலச் சாம்பலில் ஒரு பட்டை ஓடியது.

"என்ன தெரியுது?" என்றாள் டீச்சர். விரலில் ஒட்டியிருந்த வண்ணத்தைக் கைத்துணியில் துடைத்துக்கொண்டே அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். படம் பார்ப்பது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. எக்ஸ்ரே படத்தை எப்போதும் ஒரே மாதிரிதான் வைத்துப் பார்ப்பார்கள், நோயாளி நமக்கு எதிரே முகம் காட்டி நிற்கிறார் என்று. அவருடைய வலது நமக்கு இடது. வேறு யாராவது இந்த ஓவியத்தைப் பார்த்திருந்தால், இடது பக்கம் இறங்கியிருக்கிறது, அதனால் இடது தோள் என்று சாதாரணமாக நினைத்திருப்பார்கள். இவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாற்றித்தான் வரும். இறங்கியிருப்பது வலது தோள்.

அவருக்கு இறங்கியிருப்பது இடது. அந்தக் காலத்தில் படத்தகடு வைத்த கனமான பெட்டிகளை நாளெல்லாம் இடது கையில் இடுக்கிக்கொண்டு வார்டு வார்டாக அலைந்ததில் வந்த சரிவு அது. ஆகவே இது அவர் இல்லை.

வலது தோள் இறங்கின ஆள் வீட்டில் ஒருவன் இருந்தான். இருபது வயதில் பைக்கிலிருந்து விழுந்து கியருக்குக் காறை எலும்பு முறிந்தது. வலது பக்கம். படம் எடுத்தவரே இவர்தான். எலும்பு கோணலாக ஒட்டி, தோள் இறங்கியது இறங்கியதுதான்.

அப்புறம் எல்லாம் தானாக வந்து பொருந்தியது. நடுவில் இருக்கிற கோடு சட்டையின் பொத்தான் வரிசை. இரண்டு திட்டும் இரண்டு பாக்கெட். டிரைவிங் ஸ்கூல் சட்டைக்கு இரண்டு பாக்கெட் உண்டு. பின்னால் ஓடுகிற நீலச் சாம்பல், அவர்களுடைய கார். முழங்கைக்கு அப்புறம் கை இல்லை, ஏனென்றால் கையைப் பின்னால் கட்டியிருக்கிறான். கற்றுக்கொள்ள வந்தவர் காரைச் சுவரில் முட்டும்போது கியர் அப்படித்தான் இறங்கி நிற்பான்.

அவருக்கு வலித்தது. ஐம்பத்தைந்து வயதில் இதற்கெல்லாம் வலிக்கக் கூடாது என்று தெரிந்தும் வலித்தது. மூன்று மாசம், ஆறடித் துணி, அதிலும் கியர்.

"உன் தம்பிதானே?" என்றார்.

டீச்சரின் கையில் துணி நின்றது. "யாரு?"

"கியர். அஞ்சாவது தடவை."

"எப்படிச் சொல்றீங்க?"

அவர் தோளில் ஆரம்பித்து, பாக்கெட், பொத்தான், கார், கட்டிய கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அவள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"இன்னொரு தடவை பாருங்க."

"பாத்தாச்சு. நல்லாருக்கு."

"நல்லாருக்கான்னு நான் கேக்கலயே."

"அப்ப நீயே சொல்லிடேன், யாருன்னு."

"விடைய நானே சொல்லிட்டா அப்புறம் கணக்கு எதுக்கு?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள், ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை. போர்வையை மறுபடி எடுத்துப் போட்டு மூடினாள். அந்தச் சிரிப்பை அவர் கவனிக்கவில்லை. தன்னுடைய வருத்தத்தைப் பார்த்துக்கொள்ளவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

ஓவிய வகுப்பில் படித்த பதினொரு பேருடைய படங்களையும் நூலகத்து மாடி ஹாலில் ஒரு வாரம் மாட்டிவைத்தார்கள். டீச்சருடையதுதான் எல்லாவற்றிலும் பெரிது. கீழே ஒரு சின்ன அட்டை: நிற்கும் ஒருவர், துணியில் எண்ணெய் வண்ணம். யார் நிற்கிறார் என்று அட்டையிலும் இல்லை.

கியருக்கு விஷயத்தைச் சொன்னவர் எக்ஸ்ரேக்காரரேதான். வயிற்றெரிச்சலைப் பெருந்தன்மையாகக் காட்டிக்கொள்ளும் ஒரு பழக்கம் அவருக்கு உண்டு. "மாப்ளே, உங்கக்கா மறுபடி உன்னத்தான் போட்டிருக்கா, போய்ப் பாரு" என்றார். கியர் அன்றைக்கே ஓடினான்.

"அக்கா, இவ்ளோ பெருசா என்னப் போட்டிருக்கியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீன்னு யாரு சொன்னா?"

"அத்தான்தான். பாக்கெட்டுவரைக்கும் சொன்னாரே."

"அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பார்வையாளர் நோட்டைத் திருப்ப ஆரம்பித்தாள்.

அந்த வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்த அத்தனை பேரும் நூலக வாசலில்தான் காரை நிறுத்தப் பழகினார்கள். நிறுத்தி முடித்ததும் கியர் அவர்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போவான். படத்துக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். "இப்ப ரெண்டையும் பாருங்க" என்பான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் என்ன செய்வார்கள்? லைசென்ஸ் வாங்க வேண்டாமா? அப்படியே உரித்துவைத்திருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

எக்ஸ்ரேக்காரர் ஹால் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று சொன்னார்.

வீட்டில் சமையல் டீச்சருடையது, பாத்திரம் அவருடையது. கல்யாணமான புதிதில் பேசிவைத்துக்கொண்டது, இன்றுவரை பிசகவில்லை. அவர் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பார். அவள் பின்னால் மேஜையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவாள். தேய்க்கத் தேய்க்க அன்றைய கதை வரும். மோதிரத்தை முழுங்கின மாப்பிள்ளை, பல் செட்டை முழுங்கிவிட்டு வீடு பூராவும் தேடின தாத்தா, கால் முறிந்தும் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்ற அம்மாள். அந்த வாரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"என்ன, இன்னைக்கும் யாரும் எதையும் முழுங்கலயா?" என்று புதன்கிழமை டீச்சர் கேட்டாள்.

"இல்ல" என்றார் அவர், திரும்பாமல்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு வருஷாந்திரப் பரிசோதனை. எக்ஸ்ரேக்காரருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியது கூட வேலை பார்க்கும் டெக்னீஷியன் அம்மாள். பன்னிரண்டு வருஷமாக அதே அறை. நாளெல்லாம் "அடுத்தது!" என்று வாசலைப் பார்த்துக் கத்துவதால் டாக்டர்கள்கூட அவளை அடுத்தது என்றே சொல்வார்கள்.

"சட்டையக் கழட்டுங்கண்ணே. ஒங்களுக்கு நான் வேற சொல்லணுமா?"

நெஞ்சுப் படத்துக்கு ஆளை எந்திரத்துக்கு முதுகு காட்டித்தான் நிறுத்துவார்கள். மார்பைப் பலகையில் ஒட்டி, மோவாயை மேலே தூக்கி, கையை இடுப்பில் வைத்து நிற்க வேண்டும். எடுப்பவர் பின்னால் நிற்பார். எடுத்து முடித்துத் திரையில் பார்க்கும்போதுதான், ஆள் எதிரே முகம் காட்டி நிற்பதாக அதைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு அறுபது முதுகு பார்க்கிற எக்ஸ்ரேக்காரர், பார்த்த கையோடு அறுபதையும் முகமாக மாற்றிவிடுவார். அது அவர் வேலை.

இன்றைக்கு அவர் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தார். பலகை சில்லென்று இருந்தது. கண்ணுக்கு முன்னால் சாண் தூரத்தில் வெறும் சாம்பல் நிறம், வேறொன்றும் இல்லை.

"இடது தோள் எறங்குது. தூக்குங்க."

"நேராத்தாம்மா நிக்கிறேன்."

"ஒங்களுக்கு எங்க தெரியும்? பின்னாடி நிக்கிறவ நானு." அடுத்தது அருகே வந்து, முதுகில் இந்தப் பக்கம் ஒரு தட்டும் அந்தப் பக்கம் ஒரு தட்டும் தட்டினாள். "முழங்கைய முன்னாடி தள்ளுங்க. இந்தத் தோள்பட்டை எலும்பு ரெண்டும் குறுக்க வந்து நிக்குது."

தட்டின இரண்டு இடமும் அவருக்கு முதுகில் அப்படியே தங்கின. நடுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வெளிறிய திட்டு ஒவ்வொன்று.

"மூச்ச இழுத்துப் பிடிங்க!" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

எக்ஸ்ரேக்காரர் இழுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் இருந்த சாம்பல் பலகையில் ஆறடிக்கு நாலடியில் அந்த ஆள் மெதுவாகத் திரும்பி நின்றார். பொத்தான் வரிசை முதுகுத்தண்டு ஆனது. பாக்கெட் இரண்டும் தோள்பட்டை ஆயின. முகம் இல்லாமல் இல்லை, முகம் அந்தப் பக்கம் இருந்தது. இறங்கினது இடது தோள்தான். முழங்கைக்கு அப்புறம் கை காணாமல் போகவில்லை. உடம்புக்கு முன்னால், தொட்டிக்குள், தண்ணீரில் இருந்தது. நீலச் சாம்பல் காரும் இல்லை கீரும் இல்லை. இரண்டு பேருமாகக் கடை கடையாக ஏறி இறங்கிப் பிடித்துவந்த சமையல் மேடைக் கல்.

"ஐயோ" என்றார் உரக்க.

"போச்சு! படம் ஆடிருச்சு" என்று அடுத்தது வெளியே வந்தாள். "இருவத்தெட்டு வருஷமா ஊருக்கெல்லாம் மூச்சப் பிடிக்கச் சொல்றவரு, ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியல. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. நான் ஒரு முட்டாள்."

"அது படத்துல தெரியாது, திரும்பி நில்லுங்க" என்றாள் அவள்.

இரண்டாவது படத்துக்கு ஒழுங்காக நின்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, மத்தியானம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தார். வழியெல்லாம் தன்னை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. தினமும் சாயங்காலம் பின்னால் மேஜையில் உட்கார்ந்து அவள் நோட்டு மட்டுமா திருத்திக்கொண்டிருந்தாள்? அவர் கதை சொல்லிக்கொண்டே தேய்த்த அத்தனை வருஷமும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னொரு தடவை பாருங்க என்றும் வாய்விட்டுச் சொன்னாள். நல்லாருக்கு என்று மார்க் போட்டுவிட்டு வந்தார் இவர்.

நூலக வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் கோணலாக நின்றது. மாடி ஹாலில் கியர் நாலு பேரை நிறுத்திவைத்து விளக்கிக்கொண்டிருந்தான். அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து டீச்சரும் வந்திருந்தாள். மூலையில் நாற்காலி போட்டு, பார்வையாளர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் நோட்டை மூடினாள்.

"வாங்க அத்தான், சரியான நேரம்!" என்று கியர் குரல் கொடுத்தான். "இவங்க நம்ப மாட்டேங்கறாங்க. நீங்கதான முதல்ல கண்டுபிடிச்சது, நீங்களே சொல்லுங்க."

எக்ஸ்ரேக்காரர் படத்துக்கு முன்னால் போய் நின்று பார்த்தார். இப்போது வேறு எதுவாகவும் அதைப் பார்க்க முடியவில்லை. முதல் நாளே இது எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் அதிசயமாக இருந்தது. பிடரியில் ஒரு வெளிர்க்கோடுகூட இருந்தது, புதிதாக முடிவெட்டின இடத்தில். அவர் முடிவெட்டிக்கொண்டதுகூட வீண் போகவில்லை.

இது நான் என்று சொல்ல வேண்டும். நாலு பேர் நடுவில், அதிலும் முன்பின் தெரியாதவர்கள் நடுவில், அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கூச்சம் பிடுங்கித் தின்றது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே படத்துக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த சுவரிடம் போனார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முழங்கையை மடக்கி, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால், குழாய்க்குக் கீழே நீட்டுவதுபோல் நீட்டிக்கொண்டார். அப்படியே நின்றார்.

"அத்தான், என்ன செவுத்தப் பாத்து நிக்கிறீங்க? தல சுத்துதா?" என்றான் கியர்.

"சார்..." என்று கார் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "படத்துல இருக்கறது அவருதான் சார். அந்தத் தோளப் பாருங்க."

கியர் படத்தைப் பார்த்திருப்பான், அத்தானைப் பார்த்திருப்பான், மறுபடி படத்தைப் பார்த்திருப்பான். எக்ஸ்ரேக்காரருக்குத் தெரிந்தது சுவர் மட்டும்தான். கடைசியில் பின்னாலிருந்து நீளமாக ஒரு "அட!" கேட்டது.

"அப்ப என் பாக்கெட்டு?" என்றான் கியர். நாலு பேரும் சிரித்தார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். "என்னக்கா நீ, ஒரு வாரமா ஊரக் கூட்டிக் காட்டிட்டிருக்கேன். அவருன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"ஒனக்கு என்னத்தச் சொல்றது? அவரே சொல்லட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காலடி வந்து அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றது. அவர் திரும்பப் போனார்.

"திரும்பாதீங்க" என்றாள் டீச்சர். "இத்தன வருஷமும் உங்களுக்குத் தெரியாமத்தான் பாத்தேன். நான் பாக்குறேன்னு தெரிஞ்சு ஒரு தடவ நில்லுங்க."

எக்ஸ்ரேக்காரருக்குக் காது சூடானது. ஏதோ பெரிய மனிதர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, தோள் இரண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"ம்ஹூம், நிமிராதீங்க" என்றாள். "எப்பவும் நிக்கிற மாதிரி."

அவர் இடது தோளைத் தன் போக்கில் விட்டார். விட்டுவிட்டு நின்றார்.